சிறு படகுப் பட்டறையும் நம் இளைஞரும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவையொட்டித் திருப்பத்தூரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் நமக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள் ‘சிறு படகும் துடுப்பும் கையால் செய்யும் பட்டறையை நடத்துவது எப்படி’ என்பதாகும். கண்மாயை நம்பி வாழும் திருப்பத்தூரில் நின்றுகொண்டு படகைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வாழும் சிவகங்கை மாவட்டம் 1985-ஆம் ஆண்டு வரை கடற்கரை கொண்ட பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. நமக்குக் கிழக்கே தொண்டிக் கடற்கரை இருக்கிறது. தொண்டிக்குத் தெற்கே காரங்காடு என்னும் ஊரில், அலையாத்திக் காட்டினிடையே பயணிகள் ‘கயாக்’ என்னும் சிறு படகில் அமர்ந்து தாமே துடுப்பு வலித்துச் செல்கின்றனர். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அதனை நடத்துகின்றனர். ஆகவே இப்பொருள் நமக்கு எட்டாத பொருள் அன்று.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ காலை நீட்டி அமர்ந்து, இருமுனையிலும் இலையுள்ள துடுப்பால் வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறி வலித்துச் செலுத்தும் ஒடுங்கிய படகு. ஒருவர் செல்லும் படகு பெரும்பாலும் 5 மீட்டர் நீளத்துக்கும் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கும் உட்பட்டதாக இருக்கும். மெல்லிய ஒட்டுப்பலகையால் செய்தால் 20 கிலோ அளவிலேயே எடை நிற்கும். ஒருவர் தோளில் தூக்கிச் செல்லலாம். ஒரு கொட்டகையில் இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. சிறு முதலில் தொழில் தொடங்க விரும்புவோர் இதனைக் கருதிப் பார்ப்பதற்கு இவையே காரணம்.

ஆயினும் தொழில்முறையைச் சொல்வதற்கு முன், நம் உள்ளத்தில் எழும் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் வேண்டும். கல்விச் சங்கத்தின் மேடையில் பட்டறையைப் பற்றிப் பேசலாமா? நம் பிள்ளைகள் கையில் புத்தகம் கொடுக்கத் தோன்றிய சங்கம், அவர்கள் கையில் உளியைக் கொடுக்கலாமா?

இந்த ஐயம் நியாயமானது. அதற்கு வரலாறு உண்டு. நம் இராமநாதபுரச் சீமையில் 1930-ஆம் ஆண்டு ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931-இல் அவை பதினொன்றாயின. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அவர்கள் நிலக்காரரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது மற்றொன்று. ஆணும் பெண்ணும் அவர்களுடைய பண்ணைகளில் அடிமைகளாக உழைக்க வேண்டும் என்பது பின்னும் ஒன்று. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டன் என்பார் இவற்றை நூலில் பதிவு செய்திருக்கிறார். நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த காலம் அது.

பின்னர் 1953-இல் இராசாசி முதலமைச்சராக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் நாளில் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. தச்சன் மகன் தச்சனாகவும், தோல் பதனிடுவோன் மகன் தோல் பதனிடுவோனாகவும் நிலைத்து நிற்க வேண்டும் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு என்று அன்று கேட்ட கேள்வி இன்றும் கேட்கத் தக்கதே.

அண்ணல் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டின் ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி என்பது வேலையைப் பிரிக்கும் ஏற்பாடு மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்கும் ஏற்பாடு என்று விளக்கினார். இந்த விளக்கத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் நம் ஐயம் தீரும். நாம் மறுப்பது பிறப்பினால் சுமத்தப்படும் தொழிலை. கற்றுத் தேர்ந்து, விரும்பி எடுத்து, விரும்பாதபோது விட்டுவிடும் உரிமையுடன் செய்யும் தொழிலை நாம் மறுக்கவில்லை. படகு கட்டுதல் நம் குலத்தொழில் அன்று. அதனாலேயே அதனை இங்கு எடுத்துப் பேசுகிறோம்.

ஒரு தொழிலின் உயர்வும் தாழ்வும் அத்தொழிலுக்குள் இருக்கின்றனவா, அதனைச் செய்வோரை நடத்தும் சமுதாயத்துக்குள் இருக்கின்றனவா என்பதற்குக் கயாக்கின் வரலாறே நல்ல சான்று. வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்து, அலாஸ்கா, வட கனடா ஆகிய பகுதிகளில் வாழும் மக்கள் இப்படகைக் கண்டுபிடித்தார்கள். அங்குள்ள கடற்கரைகளில் மரம் வளர்வதில்லை. கடல் கொண்டுவந்து ஒதுக்கும் மிதவைக் கட்டைகளைப் பொறுக்கிச் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்துத் தைத்தார்கள். தோலைப் பதப்படுத்துவதும் தைப்பதும் பெண்களின் வேலை. ஊசி தோலை முழுவதும் துளைத்து மறுபுறம் வராதபடி, பாதித் தடிப்பிலேயே தையலை ஓட்டுவார்கள். நூலாகப் பயன்படும் விலங்கின் நரம்பு நீரில் ஊறிப் பருத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு தையல் பிசகினால் கணவனோ மகனோ பனிக்கடலில் மாள்வான். எனவே தோல் தைக்கும் பெண்ணின் கைத்திறமையை அம்மக்கள் பெரிதும் மதித்தனர்.

நம் நாட்டிலும் தோல் போர்த்த படகு இருந்தது. 1520-ஆம் ஆண்டையொட்டி விசயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி தொமிங்கோ பாயஸ், கூடைபோல் வட்டமாக முடைந்து வெளியே தோல் போர்த்த பரிசல்களில் மக்கள் ஆற்றைக் கடப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். காவிரியில் ஒகேனக்கல் முதலிய இடங்களில் ஓடும் பரிசலும் அவ்வகையைச் சேர்ந்ததே. இப்பொழுது தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. பரிசலுக்குத் தோல் வேண்டியிருந்தது, கமலை ஏற்றத்துக்குத் தோற்பை வேண்டியிருந்தது, கோயில் முரசுக்கும் தோல் வேண்டியிருந்தது. ஆனால் அத்தோலைப் பதப்படுத்திய கையைத் தொடக் கூடாதென்றனர். ஒரே வேலை ஓரிடத்தில் பெருமையாகவும் மற்றோரிடத்தில் இழிவாகவும் ஆயிற்றென்றால், இழிவு வேலையில் இல்லை என்பது தெளிவாகின்றதன்றோ?

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுச் சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் ஆகியவற்றை நம் மக்கள் பயன்படுத்தும் உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். அம்பேத்கர் மகத் நகரில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது 1927-இல். நீரைத் தொடுவதற்கே போராட வேண்டியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நீரின்மேல் செல்லும் கலத்தைத் தம் கையால் செய்வார்களாயின், அதற்கு ஒரு பொருள் உண்டு.

தொழில் பிறப்பு வழியே வர வேண்டியதில்லை என்பதற்கு மற்றொரு சான்றையும் காண்போம். செருமனி நாட்டில் ஆல்பிரெட் ஹூரிச் என்னும் மாணவர் 1905-ஆம் ஆண்டையொட்டி மடித்து எடுத்துச் செல்லத்தக்க கயாக் ஒன்றை அமைத்தார். ரோசன்ஹைம் என்னும் ஊரில் துணி தைத்துக் கடை நடத்திய யோகான் கிளெப்பர் 1907-இல் அதன் உரிமையை வாங்கிச் செய்யத் தொடங்கினார். படகுக் குடும்பத்தில் பிறந்தவரல்லர், தையற்காரர். மரச்சட்டத்தின்மேல் துணியைப் பொருத்தமாகத் தைத்துப் போர்த்தும் வேலைக்கு அவருடைய கை ஏற்றதாக இருந்தது. அவருடைய பெயரைத் தாங்கிய படகு ஒன்றில் 1956-ஆம் ஆண்டு ஹன்னஸ் லிண்டமன் என்னும் மருத்துவர் தனியராக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார். தையல் தெரிந்த நம் தங்கைகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் தமிழகத்துக்கே வருவோம். மரத்தைப் பிணைத்து மிதக்கச் செய்யும் கலை நமக்குப் புதிதன்று. கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன்பு, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து கப்பல் சரக்கைக் கரை சேர்த்தன. ஆணி அடித்த படகு அலையின் அடியில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெருமரங்கள் அரிதாகி விலை ஏறிய காலத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் ஆதரவில் பெல்சியம் நாட்டுப் பொறியாளர் பியர் கில்லே, ஒட்டுப்பலகையால் சிறு மீன்பிடிப் படகு செய்யும் முயற்சியில் ஈடுபட்டார். அந்த அனுபவத்தை 1985-இல் ஒரு நூலாக எழுதினார். ‘சிறியது கடினமானது’ என்பது அந்நூலின் பெயருக்கு நேரான தமிழ். 1973-இல் ஷூமாக்கர் எழுதிய ‘சிறியதே அழகு’ என்னும் புகழ்பெற்ற நூலின் பெயரைத் திருப்பிப் போட்ட பெயர் அது. சிறு தொழில் அழகானது என்று மேடையில் பேசுவது எளிது. அதனை நடத்துவது கடினம் என்பதை நேர்மையாகச் சொன்ன தலைப்பு அது. ஒட்டுப்பலகைப் படகு ஒரே நாளில் கடலோரத்தில் நிலைபெற்றுவிடவில்லை. மாதிரி செய்து, கடலில் விட்டு, மீனவர் குறை சொல்ல, மீண்டும் திருத்தி, இப்படியே அது வளர்ந்தது.

அது பரவியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1980-இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒட்டுப்பலகைப் படகுப் பட்டறைகளை நடத்தியது. அதன் அடிப்படை ஊர்ச் சங்கம். மீனவர் பிடித்த மீனை வணிகரிடம் அடகு வைக்காமல் ஊர்ச் சங்கமே ஏலம் விட்டது. விற்ற தொகையில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டது. விலை சொல்லும் உரிமை உழைப்பவர் கைக்கு வந்த பின்னரே, புதிய படகுக்குக் கடன் வாங்கவும் அதனைத் திருப்பிக் கட்டவும் அவர்களால் முடிந்தது. பட்டறையைத் தாங்கி நின்றது இந்த ஏற்பாடே.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து சென்ற பின் நிலைமை வேறாயிற்று. நிவாரணமாகக் கண்ணாடி இழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. தேவை திடீரென்று பெருகவே புதிய பட்டறைகள் விரைந்து தோன்றின. அவசரத்தில் செய்த படகுகளின் தரத்தைப் பற்றிக் குறை எழுந்தது. தேவை பெருகும் நாளிலும் தரத்தை விடாத பட்டறையே தேவை குறையும் நாளில் நிலைத்து நிற்கும். இதனை நாம் பாடமாகக் கொள்ள வேண்டும்.

இப்பொழுது செய்முறைக்கு வருவோம். ஒட்டுப்பலகைக் கயாக்கைச் ‘தைத்து ஒட்டும்’ முறையில் செய்வார்கள். பிரிட்டனில் 1963-இல் வெளிவந்த ‘மிரர்’ என்னும் சிறு பாய்ப்படகு இம்முறையை உலகெங்கும் பரப்பியது. பழைய மசூலாப் படகின் தையலும் இக்காலப் பசையும் இம்முறையில் ஒன்று சேர்கின்றன.

முதலில் பலகை. 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள மரைன் பிளைவுட் வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 710 என்னும் குறி உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும். அத்தரப்படி, பலகையின் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டாலும் அடுக்குகள் பிரியக் கூடாது. குறி அச்சடிக்கப்பட்டிருப்பதால் மட்டும் மயங்காமல், வாங்கிய பலகையில் சிறு துண்டு வெட்டி நாமே கொதிக்க வைத்துப் பார்த்தல் நலம். அதற்கு ஓர் அடுப்பும் ஒரு பானையும் போதும்.

பலகையின் நீளம் 2,440 மில்லிமீட்டர். அதைவிட நீளமான படகுக்கு இரு பலகைகளைச் சாய்வாக இழைத்து ஒட்ட வேண்டும். தடிப்பைப் போல் எட்டு மடங்கு சாய்வு விட வேண்டும் என்பது விதி. 4 மில்லிமீட்டர் பலகைக்கு 32 மில்லிமீட்டர். அப்படியாயின் ஒட்டிய பலகையின் நீளம் எவ்வளவு? இரண்டு 2,440-ஐக் கூட்டி 32-ஐக் கழித்தால் 4,848. இக்கணக்கு நம் ஏழாம் வகுப்பு மாணவனுக்குத் தெரியும்.

அடுத்து வரைவு. பலகையின்மேல் 300 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் அட்டவணையில் உள்ள அளவைக் குறித்து, குறித்த புள்ளிகளின்மேல் வளையும் மரச்சட்டத்தை வைத்துக் கோடு இழுக்க வேண்டும். பள்ளியில் வரைபடத்தாளில் புள்ளி வைத்து வளைகோடு வரைகிறோமே, அதே பாடம்தான். இதென்ன வாழ்க்கைக்குப் பயன்படப் போகிறது என்று சலித்துக்கொண்ட மாணவன், அவ்வளைகோடு அணியத்தில் கூர்மையாகவும் நடுவில் அகன்றும் அமரத்தில் ஒடுங்கியும் படகாக எழுவதைக் கண்டால் அப்பாடத்தை மறக்க மாட்டான்.

வெட்டிய பலகைகளின் ஓரத்தில் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியால் தைத்து முறுக்கினால், தட்டையாகக் கிடந்த பலகை படகின் வடிவம் கொள்ளும். பின்னர் எப்பாக்சிப் பசையில் மரத்தூளைக் குழைத்து மூட்டுகளின் உட்புறம் அப்பி, கண்ணாடி இழைத் துணியை நாடாவாக ஒட்டி, கம்பியை நீக்கி, உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷ் பூச வேண்டும். வெயில் பட்டால் எப்பாக்சி நாளடைவில் கெடும். ஆதலின் வார்னிஷை அழகுக்காக மட்டும் பூசுவதாக எண்ணலாகாது. படகின் முன்னும் பின்னும் காற்று அடைபட்ட தனி அறைகள் அமைத்தல் கட்டாயம். கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பதற்கு அவையே துணை.

எப்பாக்சி இரு பகுதிகளாக வரும். இரண்டையும் குறித்த விகிதத்தில் எடை பார்த்துக் கலக்க வேண்டும். கண்ணளவு உதவாது. வெப்பம் 10 பாகை கூடினால் இரசாயன வினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொது விதி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பகற்பொழுதில் கலக்கினால், கிண்ணத்திலேயே சூடேறி இறுகிப் போகும். விடியற்காலையில், சிறிது சிறிதாகக் கலக்கி, அகன்ற தட்டில் ஊற்றி வேலை செய்ய வேண்டும். உலோகங்களிலும் கருத்து வேண்டும். உப்புநீரில் இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தால் இரும்பு விரைவில் அரிக்கப்படும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நம் காரைக்குடியில் இருக்கிறது. வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் அதன் வாயிலை எட்டிப் பார்க்கட்டும்.

கையுறையும் முகக்கவசமும் இன்றி இப்பட்டறையில் ஒருவரும் நுழையக் கூடாது. எப்பாக்சியின் கடினமாக்கும் திரவம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். மரத்தூளும் இழைத்தூளும் நுரையீரலுக்குக் கேடு. நம் மக்களை எவ்விதப் பாதுகாப்புமின்றி மலக்குழியில் இறக்கிய நாடு இது. 1993-இலும் 2013-இலும் சட்டம் இயற்றிய பிறகும் அச்சாவுகள் நிற்கவில்லை. நாம் முதலாளியாக இருக்கும் பட்டறையிலாவது உழைப்பவனின் உடம்பே முதற்பொருள் என்னும் விதி இருக்க வேண்டும்.

துடுப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிரீன்லாந்து மக்கள் துடுப்புக்குக் கோல் கொண்டு அளப்பதில்லை. ஆளைக் கொண்டு அளக்கிறார்கள். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். முழங்கை முதல் விரல்நுனி வரை ஒரு முழம். ஒரு பாகமும் ஒரு முழமும் சேர்ந்தால் துடுப்பின் நீளம். இலையின் அகலம் அவரவர் கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். நம் மீனவரும் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்பவரே. முடிச்சற்றதும் ரேகை நேராக ஓடுவதும் இலேசானதுமான மரமே துடுப்புக்கு உதவும். ரேகை சாய்ந்து ஓடினால் அலையில் முறியும். வேண்டிய கருவிகள் வாள், இழைப்புளி, உளி, அளவுகோல், பிடிப்பான்கள் ஆகியவையே. படகு ஆண்டில் சில விற்கும். துடுப்பும் பழுது பார்ப்பும்தான் மாதந்தோறும் பட்டறையின் வாடகையைக் கட்டும். ஆகவே துடுப்பிலிருந்து தொழிலைத் தொடங்குவதே அறிவுடைமை.

அடுத்துக் கணக்கு. பட்டறைகள் பெரும்பாலும் மூடப்படுவது கைத்திறம் இல்லாமையால் அன்று; கணக்கேடு இல்லாமையால். முறையை விளக்குவதற்காக மட்டும் ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். ஒரு படகுக்குப் பொருட்செலவு 30,000 ரூபாய். இருவர் 12 நாள் உழைப்பு, நாளொன்றுக்கு ஆளுக்கு 1,000 வீதம் 24,000. வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம் 6,000. ஆக அடக்கவிலை 60,000. பின்னாள் பழுதுக்கென ஒதுக்கீடு 3,000, இலாபம் 9,000 சேர்த்தால் விற்பனை விலை 72,000.

நம் இளைஞர் ஒருவர் தம் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும்? அடக்கம் 36,000 என்று எண்ணி, 45,000-க்கு விற்று, 9,000 இலாபம் என்று மகிழ்வார். உண்மையில் அவர் 15,000 ரூபாய் இழந்திருக்கிறார். இழந்தது அவருடைய உழைப்பு. தலைமுறை தலைமுறையாக நம் உழைப்புக்கு விலை போடாமலே பழக்கிவிட்டார்கள். பண்ணையில் மரக்கால் நெல் அளந்தவன் கையில்தான் கணக்கும் இருந்தது. அப்பழக்கம் நம் உள்ளத்திலும் படிந்திருக்கிறது. நம் உழைப்பை நாமே இலவசமாகக் கருதுகிறோம். கணக்கேட்டின் முதல் வரியில் நம் கூலியை எழுதக் கற்றுக்கொள்வது இப்பட்டறையின் முதற்பாடம்.

வரியைப் பற்றியும் முன்கூட்டியே கணக்கரிடம் கேட்டு அறிதல் வேண்டும். மீன்பிடிப் படகுக்கு ஒரு விகிதம், கேளிக்கைப் படகுக்கு அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த விகிதம் உண்டு. அதை அறியாமல் விலை சொன்னவர் பின்னர்த் தம் கைப்பொருளை இழப்பார்.

அக்கம்பக்கத்திலும் பார்த்துக் கற்க இடம் உண்டு. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் கையால் வண்ணம் ஊற்றித் தரைக்கல் செய்கிறார்கள். ஆலைக்கல் மலிவாகக் கிடைக்கும் காலத்திலும் அது விற்கிறது. கையால் செய்தது என்பதை மறைக்காமல், அதையே விலைக்குக் காரணமாக அவர்கள் சொல்கிறார்கள். காரைக்குடியில் இடித்த வீடுகளின் பழைய தேக்கு விற்பனைக்கு வருகிறது. படகின் விளிம்புச் சட்டத்துக்கு அது உதவும்; உள்ளே ஆணி உண்டா என்று பார்த்த பின்பே வாள் வைக்க வேண்டும்.

முதலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தாட்கோ நிறுவனம் 1974-இல் நம் மக்களுக்காகவே தொடங்கப்பட்டது. 2023-இல் தமிழக அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும் வட்டியில் 6 விழுக்காடு மானியமும் தருவதாக அமைந்தது. 2012-இல் நடுவண் அரசு வகுத்த கொள்முதல் கொள்கை, அதன் துறைகளும் நிறுவனங்களும் வாங்கும் பொருள்களில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியார், பழங்குடியினரின் சிறு தொழிற்கூடங்களிலிருந்து வாங்க வேண்டும் என்கிறது. இவை சலுகைகள் என்று கூசி நிற்க வேண்டியதில்லை. முதல் சேர்க்கும் வழிகளெல்லாம் அடைக்கப்பட்டிருந்த மக்களுக்குத் தாமதமாகத் திறந்த வாயில்கள் இவை. விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை நினைவுபடுத்துவோம். 2023 செப்டம்பரில் நடுவண் அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. படகு கட்டுதல் அவற்றுள் ஒன்று. குடும்பவழித் தொழிலாக இருக்க வேண்டும் என்னும் விதி அதில் இருந்தது; தொடக்க வயது 18. இவ்விதியை நீக்க வேண்டும், வயதை 35 ஆக உயர்த்த வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது. ஏற்கப்படாமையால் 2024 நவம்பரில் அத்திட்டத்தை அவ்வடிவில் செயற்படுத்த இயலாதென்று தெரிவித்தது. பிறகு 2025 ஏப்ரலில் குடும்பத்தொழில் நிபந்தனையில்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 25 தொழில்களுக்குத் தொடங்கியது. எந்த ஆட்சி நல்லது என்னும் விவாதத்துக்குள் நாம் செல்லவில்லை. ‘உன் அப்பன் என்ன செய்தான்’ என்று கேட்கும் எந்தத் திட்டத்தையும் நாம் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து. ‘நீ என்ன கற்றாய்’ என்று கேட்கும் திட்டமே நமக்கு உரியது.

ஆதலின் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறைக்குப் போகிறேன் என்று சொல்லி மகன் பள்ளியை விட்டால் ஒப்பாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பாவது முடிக்காத பிள்ளையைத் தொழிலில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பட்டறை நடத்துவோரும் உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கு தெரியாதவன் கையில் உளி இருந்தால், அவன் பிறருக்குக் கூலியாளாகவே முடிவான்.

நிறைவாக, நம் சங்கத்தின் முன் ஒரு சிறு முன்மொழிவை வைக்கிறோம். வரும் ஆண்டின் மாலை வகுப்பில், பள்ளிப் படிப்பை முடித்த ஐந்து பேரைத் தெரிந்தெடுப்போம். அவர்களுள் இருவராவது பெண்களாக இருக்கட்டும். முதலில் பத்துத் துடுப்புகள், பின்னர் ஒரே ஒரு படகு. தெரிந்த ஒரு தச்சரையும் ஒரு கணக்கரையும் ஆசிரியராக அழைப்போம். வாங்கிய ஆணி முதல் உழைத்த மணி வரை அனைத்தையும் ஓர் ஏட்டில் எழுதி, அவ்வேட்டைச் சங்கத்தின் வாசலில் எல்லாரும் பார்க்கும்படி வைப்போம். ஒருவர் 70 கிலோ, படகு 20 கிலோ, சுமை 10 கிலோ என்றால், படகு 100 லிட்டர் நன்னீரை விலக்கி மிதக்கும் என்னும் ஆர்க்கிமிடீசின் விதியை, அனுமதி பெற்று, உயிர்காப்புச் சட்டை அணிந்து, நம் கண்மாயிலேயே இறக்கிச் சோதிப்போம். எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துத் திருத்துவோம். அது விற்றால் விற்ற விலையையும், விற்காவிட்டால் விற்காத காரணத்தையும் அதே ஏட்டில் எழுதுவோம்.

ஐந்து பேருள் இருவர் இத்தொழிலைத் தொடரலாம். ஒருவர் பொறியியல் படிக்கப் போகலாம், ஒருவர் கணக்கராகலாம், ஒருவர் இது வேண்டாமென்று வேறு வேலைக்குச் செல்லலாம். அவ்வைவரில் எவரையும் குறை கூற வேண்டியதில்லை. தொழிலைத் தொடர்வதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்னும் நிலை நம் பாட்டனார்க்குக் கிடைக்கவில்லை. அதனை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்வதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது.

இம்முன்மொழிவைச் செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே எடுத்து ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.